ஐந்தே ஐந்து பொருளைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் இருக்கிறோம். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். எங்களைப் போல வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மொத்தம் ஆறு குடும்பங்கள், 14 பிள்ளைகள். கடைக்குட்டிக்கு 5 வயது, மூத்தவனுக்கு 13. எல்லோரையும் ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஒருவர் பெங்களூரு என்கிறார், இன்னொருவர் சென்னைக் கோளரங்கம் என்கிறார். வேலூரிலேயே பார்க்கலாம் என்றால், "அரை நாளில் முடிந்துவிடுமே, அப்படியே கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில், அமிர்தி உயிரியல் பூங்கா எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியர் கடிதம் கொடுப்பார். எங்களுக்கு யார் கொடுப்பது? இதெல்லாம் போதாதென்று என் மாமியார், "பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாம, ஊர் சுத்த வேற கிளம்பிட்டீங்களா" என்கிறார். எங்கே போவது, எப்படிப் போவது?

ஒரு வாசகி, காட்பாடி

பதில்: கடிதத்தைப் படித்ததும் பேனாவை எடுத்து முதலில் அமிர்தியை அடித்தேன். அப்புறம் ஸ்ரீபுரம். கோட்டையை அடிக்க மனசு வரவில்லை, ஆனாலும் அடித்துவிட்டேன். ஒரே நாளில் நாலு இடம் என்பது, கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் திட்டம். அதில் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வேனும் வாந்தியும்தான். கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அகழியைச் சுற்றி நடக்கவும், உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கவும், 1806-இல் அங்கே நடந்த சிப்பாய்க் கலகத்தைப் பற்றிப் பேசவுமே அந்த நாள் போதாது.

பெங்களூருவும் சென்னையும் மோசமான யோசனை இல்லை. பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில், ரைட் சகோதரர்களின் விமானத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வாய் பிளக்காத பிள்ளை கிடையாது. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நேரங்களில் காட்சிகள் உண்டு. காட்பாடி ஜங்ஷனை வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு இரண்டு ஊருக்கும் ரயில் பஞ்சமில்லை. ஆனால் 5 வயதுப் பிள்ளையைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி அவ்வளவு தூரம் கூட்டிப் போனால், அருங்காட்சியக வாசலில் அது தூங்கிக்கொண்டிருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயணம் சத்துவாச்சாரிக்குத்தான். கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம். கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தை நடத்துகிற அதே தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம்தான் இதையும் நடத்துகிறது. "அது சின்னதாச்சே" என்று உங்கள் குழுவில் யாராவது முகம் சுளிப்பார்கள். அதனால்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

ஏன் என்று சொல்ல, என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போனேன். இரவெல்லாம் உட்கார்ந்து 25 கேள்விகள் தயாரித்து, உருட்டச்சு போட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தேன். என்ன நடந்தது தெரியுமா? நாற்பது பேரும் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதினார்கள். ஒருவரும் ஒரு கைப்பிடியைக்கூடத் திருப்பவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும் கப்பிகள் மாட்டியிருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஒற்றைக் கப்பியில் ஒரு பாரம், நாலு இழையாகக் கயிறு ஓடும் கப்பித் தொகுதியில் அதே அளவு இன்னொரு பாரம். இதை இழுப்பான், அதை இழுப்பான், மறுபடி இது. தாள் வெறுமையாக இருந்தது. எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவன் மெதுவாக, "டீச்சர், இதுல லேசா இருக்கு, ஆனா கயிறு ரொம்ப வருது" என்றான்.

நாலு இழை பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் கால் பங்கு பலம் போதும். ஆனால் பாரம் ஓர் அடி ஏறுவதற்கு நாலு அடி கயிற்றை இழுத்தாக வேண்டும். கை நோவு குறைகிறதே தவிர, மொத்த வேலை குறைவதில்லை. எந்திரவியலின் பாதி அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. நான் கேட்ட 25 கேள்விகளில் அது இல்லை. அவனைத் திட்டியதுதான் அந்தப் பயணத்தில் எனக்கு இன்றைக்கும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே சின்ன இடமே நல்லது. நிறைய இருந்தால் பெரியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். "வா, வா, இன்னும் அங்கே பார்க்கணும்" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகள் இல்லாமல் ஒரு முறை தனியாகப் போய் வருவது. இதைத் தவிர்க்காதீர்கள். எந்தப் பொருள் ஓடுகிறது, எது பழுதாகி நிற்கிறது, கழிப்பறை எங்கே, உட்கார்ந்து சாப்பிட நிழல் எங்கே, வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்து வாருங்கள். வாசலுக்கு வெளியே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் போக்குவரத்து இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை எந்தப் பக்கம் இறக்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம். அப்படியே அலுவலகத்தில் ஒரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்துக்கு லெட்டர்பேடும் வேண்டாம், ரப்பர் ஸ்டாம்பும் வேண்டாம். வெள்ளைத் தாளில், ஆறு குடும்பத்துப் பிள்ளைகள், இத்தனை பேர், இன்ன வயது, இன்ன தேதி, இத்தனை மணிக்கு வருகிறோம், பொறுப்பாளர் இன்னார், கைப்பேசி எண் இது என்று நாலு வரி எழுதினால் போதும். மாணவர் சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். வயதுக்குச் சான்றாகப் பிள்ளைகளின் ஆதார் நகலைக் கையில் வைத்திருங்கள். "பள்ளிக் கடிதம் இல்லாமல் சலுகை கிடையாது" என்றால், வீட்டுக்கல்வியின் நியாயத்தைக் கவுண்டரில் நின்று விளக்காதீர்கள். முழு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். கோளரங்கக் காட்சி இருந்தால் தமிழில் எத்தனை மணிக்கு என்பதையும், எந்தக் கிழமையில் பள்ளிக்கூட பஸ்கள் வரவில்லை என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிந்தையது முக்கியம். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தே, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் போக முடிவதுதான். பள்ளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தேசிய அறிவியல் தினம் என்று பிப்ரவரி 28-ஆம் தேதியைப் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் மாட்டாதீர்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அதிலும் பொங்கல் வாரம் வேண்டாம். நம் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. திறந்தவெளியில் இருக்கும் இரும்புக் கைப்பிடியை மே மாதம் பதினோரு மணிக்குப் பிள்ளை தொட்டால், அது கற்றுக்கொள்ளும் ஒரே பாடம் வெப்பக் கடத்தல்தான்.

அப்புறம், 14 பேரையும் ஒன்றாகக் கூட்டிப் போகாதீர்கள். எட்டு வயது வரை ஒரு நாள், அதற்கு மேல் இன்னொரு நாள். ஏழு பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள். இரண்டு குழுவிலும் பிள்ளை வைத்திருக்கும் அம்மா இரண்டு தடவை வர வேண்டியிருக்கும். வரட்டும், இரண்டாம் தடவைதான் அவருக்கே நிறையப் புரியும். ஏழு பிள்ளைகள் என்றால் பெரிய வேனும் தேவைப்படாது. பணத்தை ஒருவர் மட்டும் வசூலிக்கட்டும், ஒருவர் மட்டும் படம் எடுக்கட்டும். தண்ணீரும் தயிர்சாதமும் கொண்டு போங்கள். இதற்கு மேல் ஏற்பாடு என்று எதுவும் இல்லை.

உள்ளே போனதும் ஐந்தே ஐந்து பொருள். முன்னால் போய் வந்தபோது நன்றாக ஓடியவற்றில் நீங்கள் ஐந்தைக் குறித்து வைத்திருப்பீர்கள். மற்றவற்றைப் பிள்ளைகள் ஓடியாடிப் பார்க்கட்டும்; நீங்கள் நிற்பது இந்த ஐந்தில் மட்டும். இம்மாதிரி மையங்களில் வழக்கமாக இருக்கும் சிலவற்றை வைத்துச் சொல்கிறேன். எதிரெதிரே இரண்டு பெரிய கிண்ணத் தட்டுகள் இருக்கும். இங்கே கிசுகிசுத்தால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கும். ஐந்து வயதுக்காரிக்கு அது போதும், அரை மணி நேரம் ரகசியம் பேசிக்கொண்டிருப்பாள். அவளுடைய அண்ணனிடம், "காதை ஒரு சாண் தள்ளி வச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் மங்கிவிடும். தட்டில் பட்ட ஒலியெல்லாம் ஒரே புள்ளியில்தான் வந்து குவிகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். இரட்டைக் கூம்பு ஒன்று மேட்டில் தானாக ஏறுவது போல உருளும். பெரிய பிள்ளைகளை உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் கண் மட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாளம் மேலே ஏறினாலும் அகன்றுகொண்டே போவதால், கூம்பின் நடுப்பகுதி உண்மையில் கீழே இறங்குகிறது. தரையிலிருந்து அதன் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று தொடக்கத்திலும் முடிவிலும் அளந்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் நீங்கள் உடைக்காதீர்கள். பலகையை உரக்கப் படிக்கவும் வேண்டாம். கேட்டால் சொல்லலாம், கேட்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது சிரமம்தான். எனக்கு அது பழகவே பதினைந்து வருஷம் ஆனது.

போவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் ஒரே ஒரு விளையாட்டு. நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடு வரை 25 சென்டிமீட்டர் இருந்தால், போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நிமிடத்துக்கு 60 ஆட்டம். ஒரு மீட்டர் ஆக்கினால் 30. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. இப்போது நூலின் நீளத்தை மாற்றாமல் கனமான நட்டைக் கட்டினால் எத்தனை ஆட்டம் என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள். பெரியவர்களும் தோற்பார்கள், அதே 30தான். இதைச் செய்துவிட்டுப் போன பிள்ளைக்கு அங்கே ஊசலைப் பார்த்தால் தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம்.

போய் வந்த பிறகு கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறை யாரும் வண்டியில் ஏற மாட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் வேலூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் பன்னிரண்டே கால் மணிவாக்கில் மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்தி வைத்தால் அதன் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். அந்த ஒரு வாரமும் தினம் குறித்து வரச் சொல்லுங்கள், அந்த வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

இதில் எல்லோருக்கும் ருசி வந்துவிட்டால், அடுத்தது ஜவ்வாது மலையில் காவலூர். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது திருப்பத்தூருக்குப் போய்விட்டது. பழைய வட ஆற்காட்டுக்காரியான எனக்கு அது இன்னமும் நம்ம ஊர்தான். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. மலைப்பாதை வேறு, இரவில் திரும்ப வேண்டும். அதனால் பெரிய பிள்ளைகள் மட்டும்.

கடைசியாக உங்கள் மாமியார். அவரிடம் வாதாடாதீர்கள், கூட அழைத்துப் போங்கள். நம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவராக இருந்தால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றமும், மாடு பூட்டி இறைக்கும் கவலையும் கண்ணால் பார்த்திருப்பார். ஏற்றம் என்பது முழு நெம்புகோல். கவலையில் மாடு தண்ணீரை இழுக்கும்போது சரிவில் இறங்கித்தான் நடக்கும். பிள்ளைகள் கப்பியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, "பாட்டி, மாடு ஏன் மேட்டுல ஏறாம பள்ளத்துல இறங்குது?" என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். மாட்டின் எடையும் சேர்ந்து இழுக்கிறது என்பதை அவர் அவருடைய பாஷையில் சொல்வார், நானோ நீங்களோ சொல்வதைவிட நன்றாகவே சொல்வார். வண்டியில் முன் சீட்டை அவருக்கு விட்டுவிடுங்கள், முழங்கால் வலிக்கு அதுதான் வசதி.