ஸ்லாவிய வழிபாடு: போப் அனுமதித்தாரா, தடுத்தாரா?
ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்லாவியரிடையே கிறித்தவம் பரப்பிய மெத்தோடியஸ், அவர்களின் ஸ்லாவிய மொழியில் திருப்பலி நடத்த போப் அனுமதித்தார் என்கிறது ஒரு நூல், தடுத்தார் என்கிறது இன்னொன்று, கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே எழுதுங்கள். அது ஒரே போப்பின் கதை இல்லை.

868இல் போப் இரண்டாம் ஏட்ரியன் ஸ்லாவிய வழிபாட்டு நூல்களை ஏற்றார். எட்டாம் ஜான் 879இல் தடுத்தார், மறு வருடமே மொராவிய (இன்றைய செக், ஸ்லோவாக்கியப் பகுதி) மன்னர் ஸ்வதோப்லுக்குக்குக் கடிதம் எழுதி அனுமதித்தார். அந்தக் கடிதத்தை அவசியம் தேடிப் படியுங்கள். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றையும் படைத்தவரே மற்ற எல்லா மொழிகளையும் படைத்தார் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனாலும் நற்செய்தியை முதலில் லத்தீனில் வாசித்த பிறகே ஸ்லாவியத்தில் வாசிக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

885இல் மெத்தோடியஸ் இறந்ததும் ஐந்தாம் ஸ்டீபன் மீண்டும் தடைபோட்டார். உங்கள் இரண்டாவது நூல் இதைச் சொல்கிறதா, 879ஐயா என்று பாருங்கள்.