பெட்ரோவைத் தேடாதீர்கள்

கேள்வி: பருத்தித்துறையை ஆங்கிலத்தில் 'பொயின்ட் பெட்ரோ' என்கிறார்களே, யார் அந்த பெட்ரோ? ஊரின் உண்மையான பெயர்தான் எது?

பதில்: பெட்ரோ என்று ஒரு மனிதரே கிடையாது. போர்த்துக்கேயர் கரையைப் பார்த்தார்கள், பாறையாகக் கிடந்தது. 'பொன்தா தாஸ் பெட்ராஸ்', அதாவது கற்பாறை முனை என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அந்தக் கற்கள் ஞானஸ்நானம் பெற்று பெட்ரோ ஆகிவிட்டன. இனி யாராவது அவருக்குப் பரம்பரை கண்டுபிடித்து, முனையில் சிலை வைத்து, நினைவுச் சொற்பொழிவுக்கு என்னையும் கூப்பிடாதிருந்தால் சரி. கூப்பிட்டால் போவேன், சாப்பாடு உண்டென்றால்.

அது கிடக்கட்டும். 'உண்மையான பெயர்' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பிடிபட்டவனிடம் பொலிஸ்காரர் கேட்கிற கேள்வி அது. ஊர் என்ன, கள்ளப் பெயரிலா திரிகிறது? கொழும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய 'பேட்டை'தான் ஆங்கிலத்தில் 'பெட்டா' ஆனது. நாமோ அந்த இடத்தைப் புறக்கோட்டை என்கிறோம். சிங்களத்தில் 'பிட்டகொட்டுவ', அதற்கும் அதே பொருள். ஆக நம் சொல்லை வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டு, நாமும் சிங்களவரும் ஒரே பெயரை இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பக்கத்திலேயே கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இடம், ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றே இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கொம்பனி மிஞ்சியது, அடிமைகள் ஆங்கிலத்தில் மட்டும் மிஞ்சினார்கள். இதில் எதை உண்மை என்று சொல்லட்டும்?

ஆள்கிறவன் வைத்தால் பெயர் நிலைத்துவிடும் என்றும் இல்லை. காரைநகருக்கு அம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களையெல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. அம்ஸ்டர்டாமுக்கு பஸ் எங்கே நிற்கும் என்று யாழ்ப்பாணத்தில் கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

கொழும்பு என்பது கொலம்பஸின் பெயர் என்று விடாமல் எழுதிக்கொண்டிருக்கும் அன்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1344இல் வந்த பயணி இபின் பதூதா 'கலன்பு' என்று அந்த ஊரைக் குறிப்பிடுகிறார். கொலம்பஸ் அப்போது பிறக்கவே இல்லை. முத்திரைக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஊர்ப்பெயரின் வேரைத் தோண்டுகிறவர்கள் அப்படியே பலகை எழுதுகிறவருக்கு ஒரு தமிழ் அகராதியும் வாங்கிக் கொடுத்தால் நல்லது. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் 'நாய்மார்' என்று எழுதிய நாடு இது. அந்த ஆசனம் ஆதியில் யாருக்கு உரியது என்று இன்னும் எந்த ஆராய்ச்சியாளரும் கட்டுரை அனுப்பவில்லை.