கணக்கு ஆச்சி பதில்கள்

தேர்வு நெருங்கிவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி, பாலில் தண்ணீர் கலக்கிற கடிதங்கள்! சரி, இந்த இதழ் முழுக்கக் கலவைக் கணக்காகவே இருக்கட்டும்.

கேள்வி: ஆச்சி, 40 லிட்டர் பாலில் 10 சதவீதம் தண்ணீர். அதை 20 சதவீதம் ஆக்க எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? 40இல் இன்னொரு பத்து சதவீதம்தானே என்று 4 லிட்டர் போட்டேன். விடைக்குறிப்பில் 5 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?
– குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர், தேவகோட்டை

பதில்: அச்சுப்பிழை இல்லை, தம்பி. நீங்கள் சொன்ன 4 லிட்டரையே ஊற்றிப் பார்ப்போம். மொத்தம் 44 ஆகிவிட்டது, தண்ணீர் 8. நாற்பத்து நாலில் எட்டு என்றால் 18 சதவீதத்துச் சொச்சம்தான் வரும். ஊற்றிய தண்ணீர், மொத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டதே! பழைய 40ஐயே பிடித்துக்கொண்டு தொங்கினால் எப்படி?

இந்தக் கணக்கைப் பார்த்ததும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். எது மாறவில்லை என்று தேடுங்கள். தண்ணீர் மாறுகிறது, மொத்தம் மாறுகிறது. சுத்தமான பால் மட்டும் அப்படியே 36 லிட்டர். அதுதான் புதுக் கலவையில் 80 சதவீதமாக நிற்க வேண்டும். 80 சதவீதம் 36 என்றால் முழுசு 45. ஊற்ற வேண்டியது 5 லிட்டர். எக்ஸ், ஒய் எதுவும் வேண்டியதில்லை.

தண்ணீரைக் குறைக்கிற கணக்கும் இதே ஜாதிதான், ஆனால் விடை தூக்கிவாரிப் போடும். நம் பக்கத்து வெயிலில் வளவு முற்றத்தில் வற்றல் காயப்போடுகிறோம் இல்லையா? 10 கிலோ காய், அதில் 90 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 80 சதவீதத்துக்கு இறங்கும்போது எடை என்ன? வகுப்பில் கேட்டால் 9 கிலோ என்று கை தூக்குவார்கள். கிடையாது, 5 கிலோ! சக்கை 1 கிலோ. வெயில் அதைத் தொடாது. முன்பு பத்தில் ஒரு பங்காக இருந்த அந்த ஒரு கிலோ, இப்போது ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். இன்னும் காய்ந்து தண்ணீர் 20 சதவீதத்துக்கு வந்தால் மிஞ்சுவது ஒன்றேகால் கிலோ. கூடை கூடையாக வாங்கிய காய் ஒரு டப்பாவில் அடங்கிவிட்டதே என்று மாமியாரைச் சந்தேகப்படாதீர்கள்.

கேள்வி: ஒரு பவுனில் 22 காரட் வளையலும், 4 கிராமில் 18 காரட் தோடும் இருக்கின்றன. சேர்த்து உருக்கினால் 20 காரட்தானே வரும்? 22 காரட்டாகவே வேண்டுமென்றால் எவ்வளவு சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டும்?
– இல்லத்தரசி, கானாடுகாத்தான்

பதில்: இரண்டும் ஒரே எடையாக இருந்தால்தான் 20. பவுனுக்கு 8 கிராம். 8×22, 4×18, இரண்டையும் கூட்டினால் 248. பன்னிரண்டால் வகுத்தால் 20.67 காரட்.

அடுத்தது. வளையல் ஏற்கெனவே 22, அதை விடுங்கள். தோடு கிராமுக்கு 4 குறைகிறது, ஆக 16 கடன். சுத்தத் தங்கம் 24 காரட், கிராமுக்கு 2 கூடுதல் தரும். கடன் தீர 8 கிராம் வேண்டும். நாலு கிராம் தோட்டைக் கரையேற்ற ஒரு முழுப் பவுன்! என்னைக் கேட்டால் தோட்டை அப்படியே போட்டுக்கொள்ளுங்கள். (சேதாரத்தை நான் சேர்க்கவில்லை, ஆசாரி மறக்காமல் சேர்ப்பார். ஆர்வத்தில் கல்யாணத் தாலியான கழுத்திருவில் கை வைத்துவிடாதீர்கள்.)

பயிற்சி மையங்களில் குறுக்குக் கோடு போட்டு விகிதம் எடுப்பதும் இந்தக் கடன் தீர்க்கிற வேலைதான். ஒரு கலவை குறைவதை மற்றது ஈடுகட்டுகிறது. 1150இல் பாஸ்கரர் எழுதிய கணித நூலான லீலாவதியிலேயே தங்கம் கலக்கும் கணக்குக்குத் தனிப் பகுதி உண்டு.

கேள்வி: 40 லிட்டர் பாலில் 4 லிட்டர் எடுத்துவிட்டு 4 லிட்டர் தண்ணீர். இப்படி மூன்று முறை. மிச்சம் 28 லிட்டர் பால்தானே?
– கல்லூரி மாணவர், பள்ளத்தூர்

பதில்: முதல் முறைதான் முழுப் பாலும் போகிறது. அடுத்த முறை எடுக்கும் 4 லிட்டரில் தண்ணீரும் கலந்து வரும். ஒவ்வொரு முறையும் இருக்கிற பாலில் பத்தில் ஒன்பது மிஞ்சும்: 36, 32.4, 29.16.

கேள்வி: அரை லிட்டர் எத்தனாலும் அரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு லிட்டர் வராது என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். அப்படியானால் கணக்குப் புத்தகம் பொய்யா ஆச்சி?
– பிளஸ் டூ மாணவி, காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி, ஆத்தா. உண்மையில் ஒரு லிட்டருக்கு முப்பது, நாற்பது மில்லி குறையும். மூலக்கூறுகள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடுகின்றன. எடை மட்டும் குறையாது. அதனால்தான் வேதியியலில் பல இடங்களில் எடைச் சதவீதமாகவே சொல்கிறார்கள். பரீட்சையில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கொள்ளளவைக் கூட்டியே விடை எழுது. ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தை நீர்க்க வைக்கும்போது, தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியபடி ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் இந்த வரிசையைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.