சொந்தக் காசில் நாவல் போட்டால் கையைக் கடிக்குமா?

நாவலை எழுதி முடித்துவிட்டேன், பதிப்பகங்களிலிருந்து பதிலே இல்லை, நானே வெளியிட்டால் போட்ட பணம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாவல்களை அப்படிப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போடலாம். கடித்தாலும் பெரிதாகக் கடிக்காது. உங்களைப் படுத்தப்போவது பணமல்ல, தெரிந்தவர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். என் முதல் நாவல் 240 பக்கம், அச்சகத்துப் பேச்சில் 15 பாரம். பிரதிக்கு 115 ரூபாய் வீதம் 200 பிரதிக்கு 23,000. அட்டை, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு என்கிற பிழைதிருத்தம் எல்லாமாக இன்னொரு 12,000. ஆக 35,000. விலை 280 வைத்தேன். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு வருவது 168. பெருக்கிப் பாருங்கள், 200 பிரதியும் கடைகள் வழியாகவே விற்றுத் தீர்ந்தாலும் 33,600தான். அசலே தேறாது. அதுவும் கடைக்காரர் ஒழுங்காகப் பணம் கொடுத்தால்! ஒரு கடையில் பத்துப் பிரதி வைத்துவிட்டு நான் கேட்கும்போதெல்லாம் "கணக்கு பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்ற பதில்தான் வந்தது. இப்போது கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஆகவே நேரடி விற்பனைதான் வழி. வாட்ஸப்பில் முகவரி வாங்கி, ஜிபேயில் பணம் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து கவர் ஒட்டி, காலையில் தபால் நிலைய வரிசையில் நிற்க வேண்டும். புத்தகங்களுக்கென்று இருந்த சலுகைத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்திய பிறகு அனுப்பும் செலவும் ஏறிவிட்டது. அதெல்லாம் போகப் பிரதிக்கு 230 நின்றால், சுமார் 150 பேர் வாங்கியதும் போட்ட பணம் வந்துவிடும். முதல் நாவலுக்கு வந்தது. இரண்டாவதுக்கு இன்னும் வரவில்லை. கட்டிலுக்கடியில் இரண்டு அட்டைப்பெட்டி இருக்கிறது.

அந்த 150 பேர் யார்? பெரும்பாலும் உங்கள் கைபேசியில் ஏற்கெனவே பெயர் பதிந்திருக்கும் ஆட்கள். தலைவலி அங்கேதான்.

நாவல் வந்த புதிதில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா பக்கத்து இலையிலிருந்து, "என்னப்பா, புஸ்தகம் போட்ருக்கியாமே, எங்களுக்கெல்லாம் கிடையாதா?" என்றார். விலை சொல்ல நாக்கு எழுமா? மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். டிவிக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறார். நியாயமாகச் சொன்னால் பெருமையோடுதான் வைத்திருக்கிறார். படித்தாரா என்று மட்டும் கேட்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கியவர்கள் நிலைமை இன்னும் பாவம். அலுவலகத்தில் ஒருவர், என்னோடு தினமும் டீ குடித்தவர், புத்தகம் வாங்கிய பிறகு எனக்கு முன்பே போய்க் குடித்துவிட்டு வந்துவிடுகிறார். "இன்னும் ஆரம்பிக்கல" என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சம். நான் கேட்கவே மாட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

படித்தவர்களும் "சூப்பர்" என்பார்கள். அந்தச் சூப்பரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நாவல் நடுவில் தொய்கிறது, அந்தத் தங்கை பாத்திரம் ஒட்டவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல உறவும் நட்பும் இடம் கொடுக்காது.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் இந்த விஷயத்தில் ஈவிரக்கமில்லாதது, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். 2016 இறுதியிலிருந்து தமிழிலும் வெளியிடலாம், கைக்காசு வேண்டாம். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். 90 நாளுக்கு மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் பிரதியை விற்கத் தடையில்லை. சேராவிட்டால் 35 சதவீதம். சேர்ந்தால், சந்தா கட்டிப் படிப்பவர்கள் புரட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் சில காசுகள் வரும். பணம் கைக்கு வர இரண்டு மாதம் போலாகும். யார் படிக்கிறார்கள் என்று தெரியாது, எத்தனை பக்கம் என்பது மட்டும் தெரியும். திங்கட்கிழமை 40 பக்கம், செவ்வாய் 21, அப்புறம் பூஜ்ஜியம், பூஜ்ஜியம். யாரோ 61ஆம் பக்கத்தில் நம்மைக் கைவிட்டுப் போய்விட்டார். எந்தத் திட்டும் இவ்வளவு உறைக்காது. சில நாள் ஒரே மூச்சில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் ஓடியிருக்கும். அன்றைக்கு நான் அலுவலகத்தில் எல்லாரிடமும் நல்லபடியாகப் பேசுவேன்.

முன்பின் தெரியாதவர் படிப்பதுதான் இந்தத் தொழிலின் சுகம். என் முதல் நாவல் விசைத்தறிக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. குமாரபாளையத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். சலூனில் யாரோ விட்டுப்போன பிரதியாம், முடி வெட்டக் காத்திருந்தபோது எடுத்தவர் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். "அந்தப் பாவு பிணைக்கிற பெரியவர் யாருங்க? எங்க சித்தப்பாவ அப்படியே எழுதிருக்கீங்க" என்றார். அப்படி யாரும் இல்லை, கற்பனை என்றேன். அவர் நம்பவில்லை. "ஊரையாவது சொல்லுங்க" என்று பத்து நிமிஷம் விடாமல் கேட்டார். எனக்கு அதில் ஒரு ரூபாய் வரவு இல்லை.

இது நம் தலைமுறைக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. 1959இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பா, தன் பதிப்பகப் புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றவர். தன் பெரிய நாவலான 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களையும் 1997இல் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். 2001இல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. உங்களுக்கு உற்சாகமூட்டச் சொன்னேனா, பயமுறுத்தச் சொன்னேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, செய்வதென்று முடிவெடுத்தால்: பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பி ஆயிரம் பிரதி அடிக்காதீர்கள். விண்ணப்பியுங்கள், வந்தால் லாபம். தேவைக்கு ஐம்பது, நூறு என்று அடித்துக் கொடுக்கிறார்கள், அதுவே போதும். அட்டையில் மிச்சம் பிடித்தாலும் மெய்ப்பில் பிடிக்காதீர்கள். யுனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது துணைக்கால் இருந்த இடத்தில் 'ர' வந்து உட்கார்ந்திருக்கும். எழுதியவர் கண்ணுக்கு அது படவே படாது. அதற்கு முன்பே, உங்களுக்கு நண்பரல்லாத ஒருவரிடம் காசு கொடுத்துக் கைப்பிரதியைப் படிக்கச் சொல்லுங்கள். பதிப்பகம் இல்லாததால் நமக்கு உண்மையிலேயே கிடைக்காமல் போவது "இந்த அத்தியாயம் வேண்டாம்" என்று சொல்லும் அந்த ஆள்தான்.

ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகவே தருகிறார்கள். "உங்கள் நாவலை நாங்கள் வெளியிடுகிறோம்" என்று பேக்கேஜ் நீட்டுகிறவர்கள் அந்த எண்ணுக்கே தனியாக இரண்டாயிரம், மூவாயிரம் என்று போட்டிருந்தால், பட்டியலின் மற்ற வரிகளையும் ஒருமுறை அச்சகத்தில் காட்டி விலை விசாரித்துவிடுங்கள்.