பெரட்டு நேரத்துல எழுந்து நடங்க: டிரெசர் பதில்கள்

வெளிய நடக்குறது, விளையாடுறது பத்தி ஒரு வாரமா கேள்வியா அனுப்பிகிட்டே இருக்கீங்க. (பெரட்டுன்னா தோட்டத்துல விடியுறதுக்கு முன்னால வேலையாளுங்க பேரு கூப்பிடுற நேரம்.) இன்னிக்கு விடியலேர்ந்து மழை, வெளிய கால் வைக்க முடியல, அதான் உட்கார்ந்து பதில் போடுறேன். நான் டாக்டர் இல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரியில 28 வருஷம் டிரெசரா, அதான் மருந்து கட்டுற உதவியாளா இருந்தவன், இப்ப மலேசியா சிலாங்கூர்ல பத்தாங் பெர்ஜுந்தையில (புதுப் பேரு பெஸ்தாரி ஜெயா) காலையில நடக்குற கூட்டத்துல ஒருத்தன், அவ்ளோதான். நெஞ்சு வலின்னா எனக்கு எழுதிகிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கேள்வி: ஐயா, நாங்க பசங்க சாயந்தரம் 5 மணிக்கு பந்து விளையாடுறோம். வானம் கறுக்குது ஆனா மழை வரல, விளையாடலாமா?

கூடாது தம்பி. மழை வர்றதுக்கு முன்னாலயே மின்னல் விழும். ஏப்ரல், மே மாசத்துல, அப்புறம் அக்டோபர் நவம்பர்ல, மத்தியானத்துக்கு மேல நம்ம பக்கம் இடி தினப்படி கணக்கு. இடி சத்தம் காதுல விழுந்துச்சுன்னா மின்னல் உன்னைத் தொடுற தூரத்துல இருக்குன்னு வெச்சுக்க. பந்தை எடுத்துட்டு வீட்டுக்குள்ள போ, இல்ல காடிக்குள்ள, அதான் காருக்குள்ள ஏறி கதவைச் சாத்து. செம்பனை மரத்தடி, கோல் கம்பம் பக்கம், சுவரில்லாத பஸ் ஸ்டாண்டு, எதுவும் ஆகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுதான் திரும்ப திடல்ல இறங்கணும்.

கேள்வி: எந்த நேரம் நடந்தா நல்லது?

6.30லேர்ந்து 8க்குள்ள. வெளிச்சமா சட்டை போடுங்க, லோரிக்காரனுக்கு நீங்க தெரியணும்.

கேள்வி: வெயில் ஆகாதுன்னு சும்மா பயம் காட்டாதீங்க சார். எங்க தாத்தா காலம் பூரா வெயில்ல ரப்பர் மரம் சீவுனாரு, தண்ணி பாட்டில் கூட கொண்டு போனதில்ல, 84 வயசு வரைக்கும் இருந்தாரு. இப்ப உள்ளவங்களுக்குத்தான் எல்லாம் நோய்.

வாங்க, இதுக்காகத்தான் காத்திருந்தேன். உங்க தாத்தா வெயில்ல மரம் சீவல தம்பி. இருட்டோட பெரட்டுக்கு நின்னு, நெத்தியில விளக்கு கட்டிகிட்டு சீவுனாரு. ஏன்னா குளிர்ச்சியில மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் ஜாஸ்தி, பால் நல்லா ஓடும், வெயில் ஏறுனா இலை வழியா தண்ணி போயி ஓட்டம் கம்மியாயிடும். வெயில் சுள்ளுன்னு ஏறும்போது சீவுற வேலை முடிஞ்சிடும், அப்புறம் மங்கு மங்கா (பால் வடியுற கிண்ணம்) பாலை ஊத்தி காண்டாவாளி தூக்கிட்டு ஸ்டோருக்கு வந்து எடை போட்டுட்டு வீடு. மழை பேஞ்சா பட்டை நனைஞ்சிடும், அன்னிக்கு வெட்டே கிடையாது. பிப்ரவரி மார்ச்ல இலை உதிர்ற காலத்துல பாலும் கம்மி, வெயிலும் கொளுத்தும். நீங்க வீரம்னு சொல்றீங்க பாருங்க, அது மரம் போட்ட டைம் டேபிள். மயங்கி விழுந்தவங்க ஆஸ்பத்திரியில எங்கிட்டதான் வந்தாங்க, அவங்க கதையெல்லாம் யாரும் பேரனுக்குச் சொல்றதில்ல.

கேள்வி: அப்ப செம்பனை வெட்டுறவங்க? அவங்க மத்தியானமும்தானே நிக்கிறாங்க?

சரியான கேள்வி, ஒத்துக்குறேன். அங்க மரம் நம்மளைக் காப்பாத்தாது, 20 கிலோ குலையைத் தூக்கணும், நிழலும் துண்டு துண்டாத்தான். அவங்க தாங்குறது உடம்பு பழகுனதால. வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும். புதுசா வந்த ஒரு பையன் மூணாவது நாளே சுருண்டு விழுந்தான், தோல் நெருப்பா சுடுது, யார்கிட்ட பேசுறோம்னே தெரியாம உளறுறான். மண்டோர் (வேலையை மேய்க்கிற கங்காணி) காடியில ஏத்து ஏத்துன்னு கத்துறாரு. நான் ஏத்தல, முதல்ல ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு நிழல்ல போட்டு சட்டையக் கழட்டி வாளி வாளியா தண்ணி ஊத்தி விசிறச் சொன்னேன், வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தல. உளறல் ஆரம்பிச்சா உடம்பு 40 டிகிரிக்கு மேல போயிருக்கும், ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்குச் சேதம். பிழைச்சான். அரை மயக்கத்துல இருக்கிறவன் வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறிடும்.

கேள்வி: தாத்தா விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கல சார். தண்ணி நிறைய குடிச்சா உடம்பு கெட்டுப்போகும்னு பாட்டி சொல்வாங்க.

பாட்டி பாதி சரி. ஒரே மூச்சுல ரெண்டு லிட்டர் வெறும் தண்ணி குடிச்சா ரத்தத்துல உப்பு இறங்கிடும், அதுவும் ஆபத்துதான். 15, 20 நிமிஷத்துக்கு ஒரு கிளாஸ், ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேர்த்தா கொஞ்சம் உப்பும் சேரணும். தாத்தா பேச்சு இதோட முடிஞ்சது, மத்தவங்களும் கேட்கணும்.

கேள்வி: லேசா மழை தூறுது, குடை புடிச்சுகிட்டு நடக்கலாமா?

இடி இல்லன்னா நடங்க. இருந்தா உள்ள போங்க. மேல சொல்லிட்டேன்.

கேள்வி: புகைமூட்டம் வந்தா முகத்துல துண்டு கட்டிகிட்டு ஓடலாமா?

துண்டுல ஒண்ணும் நிக்காது, அந்தத் தூசி 2.5 மைக்ரானை விடச் சின்னது, என்95 மாஸ்க்தான் புடிக்கும், அதைப் போட்டுகிட்டு ஓடவும் முடியாது. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் கிளம்புறதுக்கு முன்னால ஐபியூ, அதான் காத்துத் தூய்மைக்கேட்டுக் குறியீடு பாருங்க. 50 வரை நல்லது, 100 வரை சுமார், 100 தாண்டுனா வீட்டுக்குள்ளயே உடற்பயிற்சி, ஆஸ்துமாக்காரங்க அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். 2005 ஆகஸ்ட்ல ஐபியூ 500 தாண்டி நம்ம கோல சிலாங்கூர்லயும் கிள்ளான் துறைமுகத்துலயும் அவசரநிலை போட்டாங்க. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) விளக்கு கூட தெரியல எனக்கு.

கேள்வி: சக்கரை இருக்கு, பசியாறாம நடக்கலாமா அண்ணே?

இன்சுலினோ, கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ எடுத்தா வெறும் வயித்துல வேணாம்கா. விரல்ல குத்தி சக்கரை பாருங்க, 5க்குக் (mmol/L கணக்குல) கீழ இருந்தா ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு கிளம்புங்க, பையில மிட்டாய் இருக்கட்டும். தைப்பூசத்துக்கு வெறுங்கால்ல நடக்கணும்னு நேர்த்தி இருந்தா முதல்ல கிளினிக்ல கால் உணர்ச்சி பாத்துக்குங்க. தார் சுடுறதே தெரியாம கொப்புளம் போட்டு, அது புண்ணாகி, விரல் போனவங்கள பாத்திருக்கேன்.

கேள்வி: முட்டி வலி, எந்தத் தைலம் நல்லது?

பிசியோகிட்ட போங்க.

கேள்வி: வெள்ளம் வடிஞ்ச திடல்ல விளையாடலாமா?

எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல சிராய்ப்பு இருந்தா போதும், கிருமி உள்ள போயிடும். சேறு காயட்டும். விளையாடி ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தா, சேத்துல இறங்குனதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு.

கேள்வி: ஐயா எந்த நேரம் நடந்தா நல்லது?

மேல படிங்க லா.

கேள்வி: மழை நின்னு போனா உடனே ஓடலாமா?

30 நிமிஷம்! கடைசி இடியிலேர்ந்து!

கேள்வி: நாளைக்கு நடை உண்டா டிரெசர்?

உண்டு. திடல்ல தண்ணி நிக்கும், கோயில் முன்னால தார் ரோட்டுல 6.30க்கு. சிலிப்பர் வேணாம், சப்பாத்து போட்டு வாங்க. தாத்தா பேரனும் வரணும், தண்ணி பாட்டிலோட.