ஜோடி என்று கொடுத்தார்கள், இப்போது ஏழு!
வீட்டு விலங்குகள்: வாசகர் கேள்வி - பதில்

(கினி பிக், கினிப் பன்றி, வெள்ளெலி என்று பல பெயர்களில் வந்த கடிதங்களில் ஒரே விலங்கைப் பற்றியவற்றை இம்முறை சேர்த்திருக்கிறோம். வெள்ளெலி வேறு, கினிப் பன்றி வேறு. பன்றியும் அல்ல, கினி நாட்டுக்காரரும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துப் பிராணி. புதுவையின் வெயிலும் புழுக்கமும் அதன் உடம்புக்குப் பழக்கமில்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு ஜனவரியில் ஒரு ஜோடி வாங்கினோம். மார்ச்சில் மூன்று குட்டி. போன வாரம் இன்னும் இரண்டு. கூண்டு ஒன்றுதான். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ஏழு என்பது கண்ணுக்குத் தெரிகிற கணக்கு. தாயின் வயிற்றில் மூன்றாவது ஈற்று இப்போதே தரித்திருக்கலாம். கினிப் பன்றி குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினைக்குத் தயாராகிவிடும். அப்பா பக்கத்திலேயே இருந்தால் அன்றிரவே கதை முடிந்தது. சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு மூன்று என்று வைத்தால் ஒரு தாய்க்கே 15 குட்டி. மகள்கள் போடும் கணக்கு தனி.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை, ஆண்களைப் பிரிப்பது. அப்பாவையும் மார்ச் குட்டிகளில் ஆணாக இருப்பவற்றையும் வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் தற்காலிகத்துக்குப் போதும். போன வாரக் குட்டிகள் 21 நாள் வரை தாயிடம் இருக்கட்டும். அதற்குமேல் ஆண் குட்டியைத் தாயுடனோ அக்காவுடனோ ஒரு நாள்கூட விட வேண்டாம்.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்தான் கடைக்காரர்களே தவறுகிறார்கள். ஒருவர் குட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கட்டும், பின்பாகத்தை ஒரு கை தாங்கட்டும். இன்னொருவர் அடிவயிற்றில், சிறுநீர்த் துளைக்குச் சற்று மேலே, விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் ஆணுக்கு உறுப்பு வெளியே எட்டிப் பார்க்கும். பெண்ணுக்கு ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு பிளவு தெரியும், எதுவும் வெளியே வராது. சந்தேகம் வந்தால் தனியாக வைத்து, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள்.

மார்ச்சில் பிறந்த பெண்கள் இரண்டு மாதமாக அப்பாவோடு இருந்திருக்கின்றன. அவற்றைச் சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த நாளைக் காலண்டரில் குறித்து 72 நாள் எண்ணுங்கள். அதுவரை யாருக்கும் தத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் தலைவலி இன்னொரு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

மறுபடி எல்லாரும் ஒன்றாக வாழ வேண்டுமென்றால் அப்பாவுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம். கினிப் பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரிடம் மட்டும். அறுவை முடிந்தும் ஆறு வாரம் பெண்களிடம் விடக்கூடாது. உள்ளே தங்கிய விந்து வேலை செய்யும். அறுவை வேண்டாமென்றால் அப்பாவும் மகன்களும் தனி அணியாக இருக்கட்டும். பெண் வாடை எட்டாத அறையும், ஆளுக்கொரு தட்டும், ஒளிவதற்கு ஆளுக்கொரு பெட்டியும் இருந்தால் பெரும்பாலும் சண்டை வராது.

இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்கில்லை, ‘ஒரே ஒரு தடவை குட்டி பார்க்க ஆசை’ என்று எழுதிய மற்ற வாசகர்களுக்கு. ஏழு மாதம் வரை குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் முன் இணைப்பு இறுகிவிடும். அதற்குமேல் முதல் சினை என்றால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் சேர்ந்து சாகக்கூடும்.

கேள்வி: மொட்டை மாடி அறையில் வளர்க்கிறோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மதியத்தில் மல்லாந்த மாதிரி படுத்து மூச்சு வாங்குகிறது. ஏர் கூலர் வாங்கி வைத்தால் போதுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கூலர் வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள். இன்றைக்கே கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். 28ஐத் தாண்டினால் திணறல். 30க்கு மேல் உயிர் ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே மே மாத மதியம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு தெர்மாமீட்டரை மாட்டிப் பாருங்கள், நாங்கள் சொல்ல வேண்டியதே இருக்காது.

கூலர் ஏன் உதவாது? தண்ணீர் ஆவியாகும்போதுதான் அது குளிர்விக்கும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, இனி ஆவியாக இடமில்லை. அறை புழுங்கும், புல் பூசணம் பிடிக்கும். மின்விசிறியும் பாதி வேலைதான் செய்யும். நமக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் குளிர்கிறது. கினிப் பன்றிக்கு வியர்க்காது.

வேலை செய்வது இது: ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். பழைய துண்டில் சுற்றி, கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். குளிர் வேண்டுமென்றால் அது போய்ச் சாயும், வேண்டாமென்றால் நகரும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்று மாற்ற நான்கு பாட்டில் தேவை. கரண்ட் போகும் நாளுக்கு அவற்றைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு டைல்ஸ் துண்டு கிடக்கட்டும். கூண்டில் மாட்டிய குடிதண்ணீர் பாட்டிலின் மூக்கில் இருக்கும் சிறு உருண்டைக் குண்டை தினமும் காலையில் விரலால் தட்டிப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டால் பாட்டில் நிறைய தண்ணீர் இருக்கும், விலங்குக்கு ஒரு சொட்டுப் போகாது. கோடையில் கனமான மண் கிண்ணம் ஒன்றும் கூடவே இருப்பது நல்லது.

வாயைத் திறந்து மூச்சுவிட்டு, எச்சில் வடித்து, துவண்டு கிடந்தால் காதையும் பாதத்தையும் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, அதிர்ச்சியில் போய்விடும். சினையாக இருப்பவையும் நீள முடிக்காரர்களும்தான் வெயிலுக்கு முதலில் விழுவார்கள்.

கேள்வி: வைக்கோலும் கேரட்டும் தவறாமல் கொடுக்கிறேன். ஆனாலும் முடி சொரசொரப்பாகி, பின்னங்காலை இழுத்து நடக்கிறது. தூக்கினால் கத்துகிறது.
- வாசகர், வில்லியனூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது வைட்டமின் சி குறைவின் இலக்கணம். நம்மைப் போலவே கினிப் பன்றியின் உடம்பும் வைட்டமின் சியைத் தயாரிக்காது. சாப்பாட்டில் வராவிட்டால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், தொட்டாலே வலிக்கும். கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சினைக்கும் நோயாளிக்கும் மேல் அளவு. கேரட்டில் அது மிகக் குறைவு, சர்க்கரைதான் அதிகம்.

இதற்குச் செலவே இல்லை. 10 கிராம் கொய்யாத் துண்டில் ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கிறது. பச்சைக் குடைமிளகாய் 30 கிராம் கொடுத்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. கொய்யா இனிப்பு என்பதால் தினம் வேண்டாம், வாரம் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும். தண்ணீர் பாட்டிலில் வைட்டமின் சொட்டு விடுவது வீண், வெளிச்சத்தில் கெட்டுப்போகும், ருசி மாறித் தண்ணீர் குடிப்பதும் குறையும். பெல்லட் (கடையில் விற்கும் அழுத்திய தீவனம்) பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதிலுள்ள வைட்டமின் சியை நம்பாதீர்கள்.

ஆனால் காலை இழுக்கும் நிலைக்கு வந்த பிறகு கொய்யா மட்டும் போதாது, டாக்டர் மருந்தளவில் கொடுக்க வேண்டும். சொறிந்துகொண்டே முடி கொட்டுகிறதென்றால் சொறிப் பூச்சியும் கூட இருக்கலாம். அதற்கும் எடை பார்த்து ஊசி போட வேண்டும்.

வைக்கோலுக்கு வருவோம். நெல் அறுத்தபின் மிஞ்சும் தாள் அது, சத்தெல்லாம் கதிரோடு போய்விட்டது. கீழே விரிக்கலாம். சாப்பாட்டுக்கு உலர்ந்த புல் வேண்டும், இரவும் பகலும் தீராமல். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாகவே இருக்கட்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்கிற விலங்கு. அரைத்துத் தேய்க்கப் புல் இல்லையென்றால் கடைவாய்ப் பல் நாக்கின்மேல் வளைந்து வாயைப் பூட்டிவிடும்.

கடையில் உலர்த்தி விற்கும் டிமோத்தி என்ற புல்லின் பாக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அருகம்புல், கொழுக்கட்டைப் புல், மாட்டுக்குப் போடும் கினிப் புல் எல்லாம் சரி. (கினிப் புல் ஆப்பிரிக்காக்காரர். பேரைத் தவிர நம்மவருக்கும் அதற்கும் உறவில்லை.) நாய் நடமாடும் சாலையோரத்திலும் மருந்தடித்த வரப்பிலும் அறுக்கக் கூடாது. கழுவி உதறி, மாடி நிழலில் கொசுவலைக்கு அடியில் மெல்லியதாகப் பரப்பி, தினம் இருமுறை கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பச்சை நிறம் மாறாமல், தண்டு ‘படக்’கென்று ஒடிந்தால் பதம். வளைந்தால் ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டினால் உள்ளே பூசணம் பூக்கும். குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) ஆறு மாதத்துக்கு உட்பட்டவற்றுக்கும் சினைக்கும் மட்டும். வளர்ந்தவற்றுக்கு அதன் சுண்ணாம்புச்சத்து சிறுநீர்ப்பையில் கல்லாகச் சேரும். முருங்கைக்கீரையையும் இதே காரணத்துக்காக அளவோடு வையுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாதம், பிஸ்கட், பால் கிட்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் கினிப் பன்றிக்குச் சளி பிடித்திருக்கிறது. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது, இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
- வாசகி, அரியாங்குப்பம்

பதில்: கூடவே கூடாது. பெனிசிலின் குடும்பமும் கிளிண்டாமைசினும் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, விஷக் கிருமி பெருக வழிவிடும். சளி போகும், விலங்கும் சில நாளில் போகும். நாய், பூனை மட்டுமே பார்க்கும் டாக்டர் என்றால் “இது கினிப் பன்றிக்குச் சேருமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பன்னிரண்டு மணி நேரம் எதையும் தின்னாத கினிப் பன்றியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

சமையலறைத் தராசு இருந்தால் வாரம் ஒரு நாள் எடை போட்டு எழுதுங்கள். வளர்ந்தது 700 கிராமிலிருந்து 1,200 வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் இறங்கினால் கவனம், 100 இறங்கினால் டாக்டர். நோயை மறைப்பதில் கெட்டிக்கார விலங்கு, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: கிளிக்கூண்டில் வளர்க்கலாமா? அடியில் கம்பி வலை இருப்பதால் புழுக்கை தானாகக் கீழே விழுந்துவிடுகிறது.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்களுக்கு வசதி, அதன் பாதத்துக்கு நரகம். கம்பியில் நின்று உள்ளங்கால் புண்ணாகி எலும்புவரை போகும். இரண்டுக்குக் குறைந்தது 30 அங்குலத்துக்கு 36 அங்குலம் தரை வேண்டும், 30க்கு 50 என்றால் நிம்மதி. உயரம் தேவையில்லை. தரையில் செய்தித்தாள், மேலே பழைய பருத்தித் துண்டு. மரப்பட்டறைத் தூள் வேண்டாம், பிளைவுட் பசை கலந்திருக்கும், தூசி மூச்சுக்குள் போகும். ஈரமான இடத்தைத் தினம் மாற்றுங்கள்.

கேள்வி: நண்பர் வீட்டில் பதினொன்று சேர்ந்துவிட்டன. ஏரிக்கரைப் புல்வெளியில் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா? கடையில் வாடிக் கிடப்பவற்றை வாங்கிக் காப்பாற்றலாம் என்றும் தோன்றுகிறது.
- வாசகர், பாகூர்

பதில்: முதலாவது: பிழைக்காது. வளை தோண்டத் தெரியாது, மரம் ஏறாது, வேகமும் போதாது. நாய், கீரி, காகம், பருந்து என்று முறை வைத்து முடித்துவிடும். பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றமும்கூட.

இரண்டாவது எண்ணம் இரக்கத்தில் பிறந்தது, ஆனால் பலன் எதிராகத்தான் வரும். நீங்கள் கொடுத்த பணத்தில் அடுத்த வாரம் அதே கூண்டில் வேறு இரண்டு வந்துவிடும். செல்லப் பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளில் கினிப் பன்றியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். தண்ணீர் இல்லாத கூண்டைத் தேதி தெரியப் படமெடுத்துப் புகார் கொடுங்கள். அந்த இரண்டுக்கு மட்டுமல்ல, பின்னால் வருபவற்றுக்கும் அது உதவும்.

நண்பருக்கு: இன்றே ஆண், பெண் பிரிவினை. பிறகு ஒவ்வொன்றுக்கும் படம், எடை, பாலினம் எழுதி ஆள் தேடுங்கள். ஒரே பாலினத்தில் இரண்டிரண்டாகக் கொடுங்கள், தனியாக அது ஏங்கும். இலவசம் என்று போட்டால் மலைப்பாம்பு வளர்ப்பவரும் வருவார். ஆகவே வீட்டில் கூண்டைப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.

மீட்புப் பணி செய்பவர்களுக்கு உதவ விரும்பினால் பணத்தைவிடப் பழைய துண்டு, செய்தித்தாள், உலர்ந்த புல், டாக்டரிடம் கொண்டுபோக ஒரு ஸ்கூட்டர் எல்லாம் அவசரத்துக்குக் கைகொடுக்கும். இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஓர் அறை கொடுப்பவர் கிடைப்பதுதான் அபூர்வம். அப்படி வைத்துக்கொண்டால் உங்களிடம் ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்க்காதீர்கள். படர்தாமரை அதனிடமிருந்து உங்கள் கைக்கும் வரும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீட்பு என்ற பெயரில் யாராவது ஆணும் பெண்ணுமாக, கருத்தடை இல்லாமல் ‘ஜோடி’ கொடுத்தால் அவர் குட்டி வியாபாரி.

கேள்வி: தன் புழுக்கையையே தின்கிறதே, வியாதியா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. குடலில் நொதித்து உண்டான பி வைட்டமின்களை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. தடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. இனி புயல் எச்சரிக்கை வந்தால் இவற்றுக்கு என்ன தயார் செய்ய வேண்டும்?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தானே புயலும் (2011) ஃபெஞ்சலும் (2024) நமக்குக் காட்டிய ஒழுங்கில் சொல்கிறோம். எச்சரிக்கை வந்த அன்றே கூண்டைத் தரையிலிருந்து மேசைக்கோ மாடிக்கோ ஏற்றுங்கள். ஐந்து நாளுக்குப் புல்லை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள், மழைக்காலத்தில் சாக்குப் பையில் ஒரே இரவில் ஈரம் ஏறும். குடைமிளகாய் கீரையைவிட நாள் தாங்கும், அதை வாங்கி வையுங்கள். வீட்டை விட்டுப் போக நேர்ந்தால் துளையிட்ட பிளாஸ்டிக் கூடை, மேலே கயிறு, உள்ளே துண்டும் கைநிறையப் புல்லும். ஆணுக்கொரு கூடை, பெண்ணுக்கொரு கூடை. நிவாரண முகாமில் ஒரு ராத்திரிதானே என்று ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.