விருந்துக்கு முன் சிவப்புப் புத்தகம்

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். சீனாவில் ஃபோஷான் நகரத்தில், டைல்ஸ் ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் சீனப் பெண்ணைத் திருமணம் செய்யப் போகிறேன். அவர் ஊர் ஜியாங்சி மாகாணத்தில் ஒரு கிராமம். பெண் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். 1,88,000 யுவான் 'சாய்லி' (மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் பணம்) தர வேண்டும், மூன்று உருப்படி தங்கம் போட வேண்டும் என்கிறார்கள். நாள் பார்த்தாகிவிட்டது, இன்னும் மூன்று மாதத்தில் கிராமத்தில் விருந்து. "ஊரைக் கூட்டி விருந்து வைத்தால் கல்யாணம் முடிந்த மாதிரி, பதிவை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் வருங்கால மாமனார். பெண்ணுக்குப் பணம் கொடுத்துக் கட்டுவது குற்றமாகிவிடுமோ என்று என் அப்பா பயப்படுகிறார். அம்மாவுக்குக் கும்பகோணத்தில் ஒரு கோவிலில் தாலி கட்டிப் பார்க்க ஆசை. திருமணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு மனைவியோடு சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் என் வாழ்த்துகள். இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் சம்மதித்து நடக்கும் திருமணம் இது. அதைச் சட்டத்திலும் கெட்டியாக நிறுத்துவதுதான் நம் வேலை.

உங்கள் மாமனார் சொன்ன வரிசையை மட்டும் மாற்றுங்கள். பதிவு முதலில், விருந்து பிறகு. சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பு 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 1049-ஆவது பிரிவின்படி, மணமக்கள் இருவரும் நேரில் போய்ப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினால்தான் திருமணம் நிலைக்கிறது. அந்தச் சான்றிதழ் ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் சின்னச் சிவப்புப் புத்தகம். அது கையில் இல்லாமல் ஐம்பது மேஜை போட்டு விருந்து வைத்தாலும், மாமியார் மாமனாருக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தாலும், சீனச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்பவர்கள்தான், கணவன் மனைவி இல்லை. குடும்ப விசா, சொத்துரிமை, வாரிசுரிமை எதுவும் அந்த விருந்திலிருந்து பிறக்காது.

இதைச் சொன்னால் மாமனார் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். சீனாவில் ஏராளமான ஜோடிகள் விருந்துக்குப் பல மாதம் முன்பே சிவப்புப் புத்தகம் வாங்கிவிடுகிறார்கள். "நான் வெளிநாட்டுக்காரன், என் விசாவுக்கு அந்தப் புத்தகம் வேண்டும்" என்று உங்கள் பெண்ணை விட்டே சொல்லச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

மூன்று மாதம் என்பது கொஞ்சம் நெருக்கடியான காலம்தான். பதிவுக்கு நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டு: செல்லத்தக்க பாஸ்போர்ட், உங்களுக்கு மனைவி இல்லை என்ற சான்று. இரண்டாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு ஆவணங்களுக்கு முத்திரை வைக்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சீனா சேர்ந்து, 2023 நவம்பர் 7 முதல் அது அங்கே நடப்புக்கு வந்தது. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் உள்ள நாடு. ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையில் மட்டும் அது செல்லாது. இது தெரியாமல் சென்னையில் அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால், அந்தக் காகிதத்தைப் பதிவு அலுவலகம் ஏற்காது. இந்தியாவில் வாங்கும் சான்று என்றால் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரைக்குப் பிறகு, இந்தியாவில் உள்ள சீனத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். நீங்கள் சீனாவிலேயே இருப்பதால் சுருக்கமான வழி ஒன்று உண்டு. அங்குள்ள இந்தியத் தூதரகமோ துணைத் தூதரகமோ தரும் சான்றையே சீனச் சட்டம் ஏற்கிறது. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, இந்த மூன்றில் உங்கள் முகவரி எதன் எல்லையில் வருகிறதோ அங்கே இந்த வாரமே நேரம் வாங்குங்கள். வெளிநாட்டவர் திருமணத்தை எல்லா அலுவலகத்திலும் பதிவு செய்ய மாட்டார்கள், அதற்கென்று ஒதுக்கியவை இருக்கின்றன. எது என்று பெண்ணின் ஊர் குடிமை விவகார அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பெண் பக்கம் இப்போது சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் ஹூகோ என்னும் குடும்பப் பதிவுப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அது பெற்றோர் பெட்டியில் இருக்கும், அவர்கள் எடுத்துத் தராவிட்டால் கல்யாணமே நின்றுவிடும். 2025 மே 10 முதல் நடப்புக்கு வந்த திருத்திய பதிவு விதிகளில் அந்தப் புத்தகம் தேவையில்லை, அடையாள அட்டை போதும். பதிவுக்குக் கட்டணமும் கிடையாது.

உங்கள் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் முன்னால் இருக்கும், இன்னொருவருக்குப் பின்னால், வேறு சிலருக்கு அந்தக் கட்டமே காலி. சீன மொழிபெயர்ப்பாளர் காதில் விழுந்தபடி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார். ஒரே ஆள் மூன்று ஆவணத்தில் மூன்று பெயரோடு நிற்பான். அதனால் உங்கள் பெயருக்கு ஒரு சீன எழுத்து வடிவத்தை இப்போதே முடிவு செய்து, திருமணச் சான்று, வங்கி, வீட்டு ஒப்பந்தம், நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் அதையே எழுதச் சொல்லுங்கள்.

சரி, சாய்லிக்கு வருவோம். உங்கள் அப்பாவுக்கு இதை விளக்குவது எளிது. நம் ஊரில் 'பரிசம் போடுவது' என்று ஒரு காலத்தில் இருந்ததே, மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது, அதுதான் சாய்லி. ஜியாங்சி மாகாணம் இதில் தொகை அதிகம் கேட்பதற்குப் பெயர் போனது. எட்டு அதிர்ஷ்ட எண் என்பதால்தான் 1,88,000 என்று வந்திருக்கிறது. நம் பணத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்.

அப்பாவின் பயம் அர்த்தமில்லாதது அல்ல. 1961-ஆம் ஆண்டின் நம் வரதட்சணைத் தடைச் சட்டம், திருமணத்தை ஒட்டி எந்தத் தரப்பு எந்தத் தரப்புக்குக் கொடுத்தாலும் வரதட்சணை என்றுதான் வரையறுக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் இந்தியாவுக்குள் செல்லுபடியாவது. ஜியாங்சியில் அந்த ஊர் வழக்கப்படி நடக்கும் கொடுக்கல் வாங்கலை அது தொடாது என்பது என் கருத்து. ஆகவே பேச்சும் பணம் கைமாறுவதும் சீனாவிலேயே இருக்கட்டும். அப்பா உதவி செய்வதானால் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும். தெரிந்தவர் மூலம் இங்கே கொடுத்து அங்கே வாங்கும் வழி மட்டும் வேண்டாம். அது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல்.

சீனச் சட்டத்தில் சாய்லி குற்றம் இல்லை. ஆனால் திருமணத்தைக் காட்டிப் பணம் பறிப்பதைக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1042-ஆவது பிரிவு தடை செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு போடத்தான் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் தனி விளக்க விதிகள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 1 முதல் அவை நடப்பில் உள்ளன. எதற்காக, எப்போது, யார் யாருக்கு, எவ்வளவு கொடுத்தார்கள், அந்த ஊர் வழக்கம் என்ன என்று பார்த்துத்தான் ஒரு தொகை சாய்லியா இல்லையா என்று முடிவு செய்வார்கள். பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கொடுத்த சின்னப் பரிசுகள், சேர்ந்து சாப்பிட்ட செலவுகள் இதில் சேராது. அவற்றைத் திரும்பக் கேட்க முடியாது.

பெரிய தொகை திரும்பி வருமா என்பதற்கும் பதிவுதான் அச்சாணி. பதிவு செய்யவில்லை, சேர்ந்தும் வாழவில்லை என்றால் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பணம் எதற்குச் செலவானது, பெண் வீட்டார் சீர் எவ்வளவு செய்தார்கள், எத்தனை காலம் சேர்ந்து இருந்தார்கள், குழந்தை உண்டா, தவறு யார் பக்கம் என்றெல்லாம் பார்த்து ஒரு பங்கைத்தான் திருப்பச் சொல்வார்கள். பதிவும் செய்து சேர்ந்தும் வாழ்ந்த பிறகு பிரிந்தால் பொதுவாகத் திரும்ப வராது. மிகக் குறுகிய காலமே வாழ்ந்து, தொகையும் அளவுக்கு மீறியது என்றால் மட்டும் விதிவிலக்கு. பதிவு ஆகாத நிலையில் வழக்கு என்று வந்தால் பணத்தை வாங்கிய பெற்றோரையும் எதிர்த்தரப்பில் சேர்க்கலாம்; விவாகரத்து வழக்கில் கணவன் மனைவி மட்டும்தான்.

பிரிவைப் பற்றி மங்கலமான நேரத்தில் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எப்படிக் கொடுக்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் புரியும். ரொக்கக் கட்டாக மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து பெண்ணின் கணக்குக்கோ அவர் பெற்றோர் கணக்குக்கோ அனுப்பி, குறிப்பில் சாய்லி என்று சீனத்தில் எழுதுங்கள். தாம்பாளத்தில் வைத்துக் காட்டுவதற்கு ரொக்கம் வேண்டும் என்றால், அதற்கு ஒரு சிறு பங்கை எடுத்து வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்குப் பில் வாங்குங்கள். விருந்துச் செலவு பொதுவாகச் சாய்லிக் கணக்கில் வராது. அதே மாதிரி வாசலை மறிக்கும் தோழிகளுக்குத் தரும் சிவப்பு உறைகளும் திரும்பி வரும் பணம் இல்லை, சந்தோஷமாகக் கொடுங்கள். 'அப்பா, அம்மா' என்று முதல் முறை நீங்கள் அழைக்கும்போது மாமனார் மாமியார் உங்களுக்கும் உறை தருவார்கள்.

இன்னொன்றைப் பெண்ணிடம் மனம் விட்டுக் கேளுங்கள்: இந்தத் தொகையில் எவ்வளவு சீராக உங்கள் குடும்பத்துக்கே திரும்பும்? பல வீடுகளில் பெரும்பகுதி, சில வீடுகளில் முழுவதும், பெண்ணோடு வந்துவிடும். சில வீடுகளில் தம்பியின் கல்யாணத்துக்குப் போய்விடும். எதுவானாலும் முன்கூட்டித் தெரிந்தால் பின்னால் கசப்பு இல்லை. நான் பார்த்த குடும்பத் தகராறுகளில் பாதி, கேட்கக் கூச்சப்பட்ட ஒரு கேள்வியில் தொடங்கியவை.

கல்யாணத்தன்று கிராமத்தில் மாமனார் வீட்டில் தங்குவீர்கள் அல்லவா? ஹோட்டல் அல்லாத இடத்தில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கையோ, கூடவே 2,000 யுவான் வரை அபராதமோ வரலாம். உங்கள் உறவினர்கள் வந்து தங்கினால் அவர்களுக்கும் இதே விதி. விருந்துக் களேபரத்தில் மறந்துவிடும், மைத்துனர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வேலையை விடுவது பற்றி உங்கள் திட்டத்தில்தான் எனக்குக் கவலை. சீனப் பெண்ணை மணந்ததால் சீனாவில் வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. உங்கள் வேலை அனுமதி இப்போதைய நிறுவனத்தோடு கட்டுண்டது. அதை விட்டால் குடும்பச் சேர்க்கைக்கான தங்கும் அனுமதிக்கு மாற வேண்டும். வெளியிலிருந்து க்யூ1 என்னும் குடும்ப விசாவில் வந்தால், நுழைந்த 30 நாளுக்குள் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை வைத்துக் குடியிருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. மனைவி பெயரில் கடை திறந்து நீங்கள் தினமும் அங்கே நின்று வியாபாரம் பார்த்தால் அது சட்டவிரோத வேலை. அபராதம் 5,000 முதல் 20,000 யுவான், மோசமான நிலையில் காவலும் உண்டு. ஆகவே தொழிலைப் பதிவு செய்து, அதன் மூலம் உங்களுக்கு வேலை அனுமதி வாங்கிவிட்டு, அதன் பிறகு இப்போதைய வேலையை விடுங்கள். நிரந்தரமாக வசிக்கும் அனுமதிக்குத் திருமணமாகி 5 ஆண்டு, சீனாவில் தொடர்ந்து 5 ஆண்டு, ஆண்டுக்குக் குறைந்தது 9 மாதம் வசித்திருக்க வேண்டும்.

சொத்தைப் பற்றி: பதிவு நாளிலிருந்து உங்கள் சம்பளமும் அவர் சம்பளமும் இருவருக்கும் பொது. அதற்கு முன் சேர்த்தது அவரவருடையது. திருமணத்துக்குப் பிறகு அப்பா தரும் சொத்துகூட, உங்களுக்கு மட்டும் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், சீனச் சட்டப்படி பொதுச் சொத்தாகப் பார்க்கப்படலாம். தஞ்சாவூர் சொத்தை அப்பா உங்களுக்கு எழுதுவதாக இருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அன்பில் மனைவி பெயரிலும் பதியலாம் என்று நினைக்காதீர்கள். சீனக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலம், வீடு வாங்க முடியாது. ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகைதான் விதிவிலக்கு. உங்கள் சொத்துறவுக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பதை நீங்கள் இருவரும் எழுத்தில் தேர்ந்தெடுக்கவும் சீனச் சட்டம் இடம் தருகிறது. தொழில் தொடங்கப் போகிறவர்கள் என்பதால் அந்த ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வது நல்லது.

குழந்தை பிறந்தால் அவசரம் ஒன்று இருக்கிறது. சீனாவில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு பெற்றோர் சீனர் என்றாலே சீனக் குடியுரிமை. இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில், வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதியோடு பதிய வேண்டும். இரண்டு நாடும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்த முடிவைப் பிரசவ அறையில் எடுக்காதீர்கள், இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசியாக அம்மாவின் ஆசை. தாராளமாகக் கும்பகோணத்தில் தாலி கட்டுங்கள், ஊருக்கு விருந்து வையுங்கள். ஆனால் அந்தத் தேதியில் இன்னொரு திருமணப் பதிவு வேண்டாம். ஒரே தம்பதிக்கு இரண்டு நாட்டில் இரண்டு தேதியில் சான்றிதழ் இருந்தால் ஒவ்வொரு விசா அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சிவப்புப் புத்தகத்தையே இங்கே செல்லுபடியாக்கலாம். அங்குள்ள நோட்டரி அலுவலகத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு சான்று வாங்கி, சீன வெளியுறவுத் துறை முத்திரை, அதன் மேல் இந்தியத் தூதரக முத்திரை பெறுங்கள். 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 17-ஆவது பிரிவின் கீழ் தூதரகத் திருமண அலுவலரிடம் பதியவும் வழி இருக்கிறது. அசல் புத்தகத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். தாலி கட்டும் நாளில் அம்மாவின் கையில் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும்.